கோமாரி வந்தால் இறைச்சி வணிகம் ஏன் முடங்குகிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மாடு, பன்றி போன்றவற்றைத் தாக்கும் வாய்-கால் நோயான கோமாரி மனிதருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பிறகு ஏன் ஒரு நாட்டின் இறைச்சியையே மறுக்கிறார்கள்?

பதில்: வாங்கும் நாடு அஞ்சுவது தன் மந்தைகளுக்காகத்தான். இறைச்சியில் தங்கிய கிருமி, எச்சில் உணவு வழியாக ஒரு பன்றியின் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். 2001இல் பிரிட்டனைத் தாக்கிய கோமாரி, நார்தம்பர்லாந்தில் சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைத் தீனியாகப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து பரவியதாகவே விசாரணைகள் கருதின. பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியானது. மறுநாளே ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனின் இறைச்சிக்கும் கால்நடைகளுக்கும் தடை விதித்தது. இறுதிக்குள் 2,026 இடங்களில் நோய் கண்டு, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

கேள்வி: ஒரே பண்ணையில் வந்தாலும் இதே கதிதானா?

பதில்: ஆம். 2025 ஜனவரி 10 அன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் ஓர் எருமை மந்தையில், 1988க்குப் பின் முதன்முறையாக, நோய் உறுதியானது. தென்கொரியா உடனே ஜெர்மன் பன்றி இறைச்சியை நிறுத்தியது. பிரிட்டனும் தடை விதித்தது. நோய் வேறெங்கும் பரவவில்லை. மார்ச்சில் அப்பகுதியை மட்டும் தனி மண்டலமாகப் பிரித்து, மீதி நாட்டுக்கு 'நோயற்றது' என்ற தகுதியை உலகக் கால்நடை நல அமைப்பு திருப்பித் தந்தது.

கேள்வி: என் மாடுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போடுகிறேன். அந்த நாடுகளும் போட்டுக் காப்பாற்றியிருக்கலாமே?

பதில்: என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. ஊசி போட்ட மாட்டிலும் கிருமி ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், நோயுற்றவற்றை அழிப்பதோடு நிறுத்திக்கொண்ட நாடு மூன்று மாதத்தில் தகுதியை மீட்க முடியும். ஊசி போட்டு அம்மாடுகளை உயிரோடு வைத்திருக்கும் நாடோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2001இல் அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது; அதில் இழக்கும் சந்தையை எண்ணித்தான் நெதர்லாந்து, ஊசி போட்ட நல்ல மாடுகளையும் பிறகு கொன்றது. விதி அறிவியலைச் சார்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் நோயற்ற மாட்டைக் கொல்லத் தூண்டும் அளவுக்கு இன்றுள்ள மூன்று மாத வேறுபாடும் கனமாக இருப்பது நியாயமில்லை.

கேள்வி: கோமாரி உள்ள இந்தியா எருமை இறைச்சியை எப்படி ஏற்றுமதி செய்கிறது?

பதில்: அறுத்தபின் இறைச்சியைக் குளிரில் பதப்படுத்தும்போது தசையில் அமிலத்தன்மை கூடி, அமிலம் கூடக் குறையும் பி.எச். அளவு 6க்குக் கீழே இறங்கினால் கிருமி செத்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அவ்வாறு நிகழாது. ஆகவே அவற்றை நீக்கி, உறையவைத்த எலும்பில்லா இறைச்சியாகவே வியட்நாம், மலேசியா, எகிப்து போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறோம். ஐரோப்பிய ஒன்றியச் சந்தை இன்னும் நமக்குத் திறக்கவில்லை.