மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் தனியாக: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியில் புறப்பட்டு ரோதாங் கணவாய் வழியாக லடாக்கின் லே வரை சுமார் 470 கிலோமீட்டர். இரண்டு செப்டம்பர்களில் இந்த வழியில் தனியாகச் சைக்கிளில் போனேன். முதல் முறை கூடாரம் இல்லாமல் போய்ப் பாதியில் திரும்பினேன். இரண்டாம் முறை கூடாரத்தோடு போய் 13 இரவுகள் தங்கி லே சேர்ந்தேன். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அக்கா, வழியெங்கும் தாபாக்கள் இருக்கின்றன, படுக்கையும் தருகிறார்கள். பிறகு எதற்கு மூன்று நான்கு கிலோ கூடாரப் பாரம்? (கோவை, கல்லூரி மாணவர்)

நானும் முதல் முறை இப்படித்தான் கணக்குப் போட்டேன், தம்பி. மலை கேட்பது வேறு கணக்கு. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். தூங்கும் உயரம்தான் முக்கியம்.

வழியிலுள்ள தார்ச்சா சுமார் 3,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜிங்ஜிங்பார் 4,200-ஐத் தாண்டும். படுக்கையை மட்டும் நம்பிப் போனவள் நான். ஒரே நாளில் தார்ச்சாவிலிருந்து ஜிங்ஜிங்பாருக்கு ஏறித் தூங்கினேன். காலையில் தலை கனத்தது. வெயில்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாயைக் கடந்து சர்ச்சுவில் இறங்கினேன். அன்று இரவு வாந்தி நிற்கவில்லை. சர்ச்சுவின் சிக்கல் இதுதான்: எந்தப் பக்கம் போவதானாலும் முதலில் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு லாரி ஓட்டுநர் விடியுமுன் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தார்ச்சாவில் இறக்கிவிட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது.

இரண்டாம் முறை தீபக் தால் ஏரிக்கு அருகே, பட்சியோ பக்கம், ஏறத்தாழ 3,800 மீட்டரில் கூடாரம் போட்டு ஓர் இரவு நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்த நாள் ஜிங்ஜிங்பாரில் பசித்தது. பசி எடுப்பது உடம்பு பழகிவருகிறது என்பதற்கு நல்ல அறிகுறி. உடம்பு சொல்லும் உயரத்தில் நிற்பதற்குத்தான் கூடாரம். அதைச் சாகசப் பொருளாக நினைத்துச் சுமக்காதீர்கள்.

அப்படியானால் எங்கெங்கே தங்கினீர்கள்? (திருநெல்வேலி)

மர்ஹி, சிஸ்சு, கேலாங்கில் இரண்டு இரவு, ஜிஸ்பா, பட்சியோ, ஜிங்ஜிங்பார், சர்ச்சு, காட்டா வளைவுகளின் அடிவாரம், பாங், மோரே சமவெளி, ரும்சே, உப்ஷி. பதினான்காம் நாள் லே.

இவற்றில் காட்டா அடிவாரம் முக்கியமானது. அங்கிருந்து 21 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, நகீ லா, லாச்சுலுங் லா என்ற இரண்டு கணவாய்களையும் ஒரே நாளில் தாண்டிப் பாங் போய்விட வேண்டும். லாச்சுலுங் லா 5,000 மீட்டருக்கு மேல். இரண்டு கணவாய்களுக்கும் நடுவில் உள்ள பள்ளமும் 4,700 மீட்டர் இருக்கும். களைப்பில் அங்கே படுத்துவிடாதீர்கள். சர்ச்சுவிலிருந்தே கிளம்பினால் இருட்டுவதற்குள் பாங் சேர்வது கடினம். அடிவாரத்தில் ஓர் இரவு நின்றால் முடியும்.

ரோதாங்குக்கு அடியில் அடல் சுரங்கப்பாதை வந்தபின் கணவாய் ஏறுவது எதற்கு என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 3,978 மீட்டர் ஏறிவிட்டு அன்றே 3,100 மீட்டருக்கு இறங்கித் தூங்குவது உடம்புக்குக் கிடைக்கும் நல்ல ஒத்திகை. அதை விட்டுவிடாதீர்கள்.

தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா? (சேலம்)

தலைவலியோடு குமட்டலும் தூக்கமின்மையும் இருந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். அதே இடத்தில் ஒரு நாள் இருங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். கிடைத்த வண்டியில் உடனே இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி அது, உயிரைப் பறிக்கும். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கூடாரம் போட இடம் எப்படித் தேர்ந்தெடுப்பது? (புதுச்சேரி)

மூன்று மணிக்கே தேடத் தொடங்குங்கள். ஆற்றோர மணல் திட்டு அழகாக இருக்கும், ஆனால் போடாதீர்கள். பகல் வெயிலில் உருகும் பனி நீர் பிற்பகலிலும் மாலையிலும்தான் பெருகி வரும். காலையில் கணுக்கால் நனைந்த ஓடையில் மாலையில் முழங்கால் முழுகும். சரிவுக்குக் கீழே புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் மேலும் கற்கள் விழும் என்று பொருள். ராணுவ முகாம்களின் அருகே வேண்டாம்.

மேய்ப்பர்கள் குவித்துவைத்த கல் சுவர்கள் ஆங்காங்கே தென்படும். மோரே சமவெளியில் நண்பகலுக்குப் பிறகு காற்று அறையும்; அப்போது அந்தச் சுவரின் மறைவு பெரிய வரம். பக்கத்தில் ஆட்கள் இருந்தால் கேட்டுவிட்டே தங்குங்கள். சுவரிலிருந்து ஒரு கல்லையும் எடுக்காதீர்கள்.

கழிவைத் தண்ணீரிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளிப் புதைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது; இருநூறு அடியாவது தள்ளிப் போங்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட அங்கே தங்கக் கூடாது. அந்தக் குளிரில் எதுவும் எளிதில் மட்காது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா, பெண் தனியாக, அதுவும் வெட்டவெளியில். பயமாக இல்லையா? (மதுரை)

முதல் இரண்டு இரவுகள் பயந்தேன். சாலையில் இருந்து கண்ணுக்குத் தெரியாத இடம், அல்லது ஒரு தாபாவின் கூப்பிடு தூரம், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தேன். பல தாபாக்களைப் பெண்களே நடத்துகிறார்கள். பாங்கில் ஓர் அம்மா, என் கூடாரத்தைத் தன் அடுப்பறைப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். தனியாக இருக்கிறேன் என்று வழியில் யாரிடமும் சொல்லவில்லை; பின்னால் ஆட்கள் வருகிறார்கள் என்றேன். உண்மையில் என்னை மிரட்டியவை நாய்கள்தான். துரத்தினால் சைக்கிளை விட்டு இறங்கி, அதை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

சமையல்? (தஞ்சாவூர்)

4,700 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் லேசில் வேகாது, எரிபொருள்தான் வீணாகும். நான் கொண்டுபோனவை அவல், வறுத்த ரவை, சத்துமாவு, வெல்லம், இட்லிப்பொடி. அவலில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பொடியைத் தூவிச் சாப்பிடுவேன். பகலில் தாபாவில் ராஜ்மா சோறு. விமானத்தில் கேஸ் உருளை அனுமதிக்க மாட்டார்கள். மணாலிக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

என்ன சைக்கிள் வேண்டும்? (சென்னை)

விலையைப் பார்க்காதீர்கள், கியரைப் பாருங்கள். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரியதில் பற்கள் அதிகம் இருக்க வேண்டும். முன்னே 22, பின்னே 34 இருந்தால் பாரத்தோடு தங்லாங் லா கணவாயையும் ஏறிவிடலாம். இரண்டு அங்குல டயர், மாற்று ஸ்போக்ஸ் கம்பிகள், பிரேக் கட்டைகள், ஒரு செயின் இணைப்பு. போதும்.

செல்போன்? (ஓசூர்)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதையும் தார்ச்சாவுக்குப் பிறகு நம்பாதீர்கள். எந்த நாள்வரை அழைப்பு வராது, எந்த நாளுக்குப் பிறகு தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

என் மகனுக்கு 19 வயது. தனியாகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். அனுப்பலாமா அம்மா? (ஈரோடு)

உங்கள் தவிப்பு புரிகிறது, அம்மா. என் தாயும் அப்படித்தான் தவித்தார். முடியாது என்று சொல்லுமுன் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். மழை பெய்யும் இரவில் மொட்டை மாடியில் கூடாரம் போட்டுத் தனியாகத் தூங்கட்டும். முழுப் பாரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்கி வரட்டும். வழியில் சைக்கிளைத் தானே பழுது பார்க்கட்டும். கொல்லிமலையின் உயரம் பாரலாச்சாவுக்குப் பழக்காது, ஆனால் அவர் பொறுமை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒன்று கேளுங்கள்: "தலைவலித்தால் என்ன செய்வாய்?" சமாளித்துக்கொள்வேன் என்றால் இந்த ஆண்டு வேண்டாம். இறங்கிவிடுவேன் என்றால், திரும்பி வர லாரிக்கோ ஜீப்புக்கோ ஆகும் பணத்தைத் தனியாக ஓர் உறையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.