'டர்போ' என்று வாங்கிய நத்தைகள் ஏன் சாகின்றன?

கேள்வி: வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். வீட்டில் 40 கேலன் பவளத் தொட்டி, தண்ணீர் எப்போதும் 26 டிகிரி. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று இரண்டு மாதம் முன்பு ஆன்லைனில் 20 'டர்போ' நத்தை வாங்கினேன். கருநீல ஓடு, உச்சி மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். இப்போது ஆறுதான் மிச்சம். விற்றவர் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார். அம்மோனியா, நைட்ரேட், உப்பு எல்லாம் சோதித்துவிட்டேன், சரியாகவே இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? மாஸ் பீச் கடற்கரைப் பாறைகளில் இதே நத்தை நிறைய இருக்கிறதே, பொறுக்கி வரலாமே என்கிறான் மகன். செய்யலாமா?

பதில்: உங்கள் தண்ணீரில் குறை இல்லை. மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அவன் பாறையில் கண்டதும் உங்கள் தொட்டியில் சாவதும் ஒரே நத்தையாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஓடு டர்போவுடையதல்ல, டெகுலா ஃபியூனெப்ராலிஸ் என்ற வேறொரு குளிர்கடல் நத்தையின் ஓடு. சந்தேகமிருந்தால் ஒன்றை எடுத்து, அது உள்ளே சுருங்கியதும் வாயை அடைக்கும் மூடியைப் பாருங்கள். உண்மையான டர்போவுக்கு அது கல் போலத் தடித்திருக்கும். டெகுலாவுக்கு நகம் போல மெல்லிய பழுப்பு மூடி, அதில் வட்டவட்டமாகச் சுழி.

இது வான்கூவர் தீவிலிருந்து பாஹா கலிஃபோர்னியா வரை கரையோரப் பாறைகளில் வாழ்வது. கடல் வற்றும்போது வெயிலில் சில மணி நேரம் காயும், அதைத் தாங்கும். ஆனால் அலை ஏறியதும் குளிர்ந்த தண்ணீர் வந்து அதை மீட்டுவிடும். உங்கள் தொட்டியில் அந்த அலை வருவதே இல்லை. இரவும் பகலும் 26 டிகிரி. சூட்டில் உடல் வேகமாக இயங்கும், ஆக்சிஜன் அதிகம் கேட்கும். சூடான தண்ணீரிலோ ஆக்சிஜன் குறைவு. அதனால் சட்டென்று சாகாமல் வாரக்கணக்கில் நலிந்து சாகிறது. கடலில் 20 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

விற்பவருக்கு வசதி இங்கேதான். 'உயிரோடு வந்து சேரும்' என்ற உத்தரவாதம் சில நாளில் முடிந்துவிடும். நத்தை சாவது அதற்கு அப்புறம். அதனால் "செத்துவிட்டது" என்று கேட்காதீர்கள், "சொன்ன பொருளைத் தரவில்லை" என்று கேளுங்கள். ஓடு, மூடி இரண்டின் படத்தையும், வெப்பக்கடல் தொட்டிக்கு ஏற்றது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதன் படத்தையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்றே பில் தேதியைப் பாருங்கள்.

மாஸ் பீச் யோசனை வேண்டாம். அங்குள்ள ஃபிட்ஸ்ஜெரால்டு கடல் காப்பகத்தில் காலி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. எடுக்க அனுமதியுள்ள கரைகளிலும் 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எப்படிக் கொண்டுவந்தாலும் உங்கள் தொட்டியில் அதே கதிதான்.

மிச்சமுள்ள ஆறையும் கடலில் விடாதீர்கள். தொட்டியிலிருக்கும் நோயும் ஒட்டுண்ணியும் கூடவே போகும். அவற்றுக்காகத் தண்ணீரைக் குளிர்வித்தால் பவளங்கள் போய்விடும். குளிர்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாராவது உள்ளூர் மீன்வளர்ப்புக் குழுவில் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். அதுவரை தினமும் காலையில் எண்ணிப் பாருங்கள். தொட்டும் மூடாமல் சதை தொங்கினால் எடுத்து மோந்து பாருங்கள். செத்திருந்தால் நாற்றம் குடலைப் புரட்டும். விட்டுவைத்தால் அம்மோனியா ஏறும். இந்த வகை தொட்டியை விட்டு வெளியே ஏறியும் போகும், தரையையும் பாருங்கள்.

அடுத்து வாங்கும்போது 'டர்போ' என்ற பெயரை நம்பாமல் அறிவியல் பெயரும் பிடித்த இடமும் கேளுங்கள். சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். என் தேர்வு ட்ரோக்கஸ்: கோபுரம் போலக் கூம்பிய ஓடு, வெப்பக்கடல் பிறப்பு, கவிழ்ந்தாலும் தானே நிமிரும். பண்ணையில் வளர்த்ததும் கிடைக்கிறது, அதையே கேளுங்கள். உங்கள் தொட்டிக்கு 20 அதிகம். ஐந்தாறில் ஆரம்பியுங்கள், பாசி தீர்ந்தால் அவையும் பட்டினி கிடக்கும்.