புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசிகள்: வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரே பொருளைத் தொடுவதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய கைப்பேசியின் திரையும் மின்கலமும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது. கடைக்காரர் புதியது வாங்கச் சொல்கிறார். தன்னார்வலர்கள் உருவாக்கிய வேறு ஆண்ட்ராய்டைப் போடலாம் என்று என் மகன் சொன்னாலும், அந்த மாடலின் பூட்டைத் திறக்க நிறுவனம் அனுமதிப்பதில்லையாம். நல்ல கருவியை ஏன் இப்படிக் கைவிடுகிறார்கள்?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: அம்மா, ஒரு புதுப்பிப்பு உங்கள் தந்தையின் கைக்கு வருமுன் மூன்று இடங்களைக் கடக்கிறது. கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிடுகிறது. சில்லு (சிப்) தயாரிப்பாளர் அதற்கேற்பத் தம் இயக்கிகளை, அதாவது சில்லை ஆண்ட்ராய்டோடு இணைக்கும் நிரல்களை, திருத்துகிறார். கைப்பேசி நிறுவனம் இரண்டையும் தன் மாடலுக்குப் பொருத்திச் சோதிக்கிறது. இந்தச் செலவை ஏற்க ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடுகிறது. கருவி கெட்டுப்போனது அதற்குக் காரணமன்று. 2015-இல் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்த ஃபேர்ஃபோன் 2-இன் ஸ்னாப்டிராகன் 801 சில்லுக்கு, ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அதைத் தயாரித்த குவால்காம் ஆதரவு தரவில்லை. ஃபேர்ஃபோன் என்ற அந்தச் சிறிய கைப்பேசி நிறுவனமோ தன்னார்வ நிரலாளர்களின் துணையோடு அந்த மாடலை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுசென்று, 2023 வரை பராமரித்தது. அதே சில்லு கொண்ட சாம்சங் கேலக்சி எஸ்5-க்கு நிறுவனம் ஆண்ட்ராய்டு 6-உடன் நிறுத்திக்கொண்ட பின், லீனியேஜ் ஓஎஸ் தன்னார்வலர்கள் ஆண்ட்ராய்டு 11 வரை தந்தார்கள். சயனோஜென்மாட் என்ற பழைய முயற்சி 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது, அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்தவர்களின் குழு இது.

இடையில் நிற்பது பூட்லோடர் என்னும் துவக்க நிரலின் பூட்டு. கைப்பேசியை முடுக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே இருக்கும் மென்பொருள் நிறுவனத்தின் கையொப்பம் பெற்றதுதானா என்று அது சரிபார்க்கிறது. திருடிய கைப்பேசியில் வேறொரு இயங்குதளத்தை நுழைக்க முடியாமல் தடுப்பதால் இந்தப் பூட்டு தேவைதான். அதை நான் குறைசொல்லமாட்டேன். உரிமையாளர் கேட்டபோது சாவி கிடைக்கிறதா என்பதே என் கவலை. கூகுளின் பிக்சலிலும் ஃபேர்ஃபோனிலும் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் கிடைக்கிறது. ஷாவ்மியில் கணக்கைப் பதிந்து, விதித்த காலம் காத்திருக்கவேண்டும். ஹுவாவே 2018-இல் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. பூட்டைத் திறக்க முடிந்த சாம்சங் மாடல்களில் வேறு மென்பொருளை ஏற்றினால், அந்த மாற்றத்தைப் பதிந்துவைக்கும் மின்னுருகி (நாக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பின் ஓர் உறுப்பு) நிரந்தரமாக மாறிவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் அது மீளாது.

வேலை முடிந்ததும் காலிசெய்யச் சொல்லும் தோட்டத்து வீட்டைப்போல, காசு கொடுத்து வாங்கிய கைப்பேசியையும் நிறுவனம் நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த வீடு நிர்வாகத்தின் உடைமை. இந்தக் கருவி உங்கள் தந்தையின் உடைமை. கடைசிப் புதுப்பிப்பை வெளியிடும் நாளிலேயே பூட்டைத் திறக்கும் வழியையும் நிறுவனம் வெளியிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தானும் பராமரிக்காமல், பராமரிக்க வருபவரையும் தடுப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

கேள்வி: நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். பழைய கைப்பேசி ஒன்றை வாங்கி, பூட்டைத் திறந்து லீனியேஜ் ஓஎஸ் போட நினைக்கிறேன். வங்கிச் செயலி ஓடுமா? வேறு என்ன கவனிக்கவேண்டும்?
– இளம் வாசகர்

பதில்: தம்பி, வங்கிச் செயலிக்கு அந்தக் கைப்பேசியை நம்பவேண்டாம். பூட்டு திறந்திருப்பதைக் கூகுளின் நம்பகச் சோதனை கண்டுபிடித்துச் சொல்வதால், பல வங்கிகளின் செயலிகள் ஓட மறுக்கும். இன்று ஓடினாலும் அடுத்த பதிப்பில் நின்றுபோகலாம். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாறவும், உறுதிப்படுத்தலை ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே சாதனத்தோடு பிணைக்கவும் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளைப் பணித்தது. மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி உள்ளவர் அதன் பூட்டைத் திறந்தால் தம் பணத்தை எட்ட முடியாமல் தவிக்க நேரிடும். இரண்டாவது கைப்பேசியில் மட்டும் முயலுங்கள்.

அடுத்தது அழைப்பு. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செல்ல நிறுவனத்தின் மூடிய மென்பொருள் தேவைப்படுவதால், தன்னார்வலர் பதிப்பில் சில மாடல்களில் அந்த வசதி வேலை செய்யாது. அப்போது அழைப்பு 2ஜி-க்குத்தான் இறங்கும். தோட்டத்தின் உட்பகுதியில் அதன் அலை எப்படி இருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். அவசரத்துக்கு 999-ஐ அழைக்கவேண்டிய வயதானவரிடம் அத்தகைய கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்.

பூட்டைத் திறக்கும்போது உள்ளிருக்கும் அனைத்தும் அழியும் என்பதால் படங்களை முதலில் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். தன்னார்வலர் பதிப்பு ஆண்ட்ராய்டின் ஓட்டைகளை அடைக்குமே தவிர, அலைத்தொடர்பைக் கவனிக்கும் மோடத்துக்குள் இருக்கும் சில்லு நிறுவனத்தின் நிரலைத் திருத்தாது. அங்கே பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். உங்கள் மாடல் லீனியேஜ் ஓஎஸ் வெளியிடும் பட்டியலில் இல்லையென்றால் முயற்சியைக் கைவிடுங்கள். முகம் தெரியாத யாரோ டெலிகிராமில் பகிரும் கோப்பை நிறுவவே கூடாது. மலிவான மாடல்கள் பல அந்தப் பட்டியலில் இல்லாததற்கு நிறுவனங்களே பெரிதும் காரணம். ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கருநிரலின் (கெர்னல்) உரிமம், அதைப் பொருளோடு விநியோகிப்பவர் மூலநிரலையும் தரவேண்டும் என்கிறது. சில நிறுவனங்கள் அதை உரிய காலத்தில் தருவதில்லை. அது கைக்கு வராமல் தன்னார்வலர்கள் எதன்மீது வேலை செய்வார்கள்?

கேள்வி: அடுத்த கைப்பேசி வாங்கும்போது கடையில் என்ன கேட்கவேண்டும்?
– இல்லத்தரசி

பதில்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிய நாளிலிருந்தல்ல, அந்த மாடல் வெளியான காலத்திலிருந்துதான் பெரும்பாலும் கணக்கிடுவார்கள். ஆகவே, இரண்டாண்டுக்கு முன் வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவர் இரண்டாண்டுகளை இழக்கிறார். பிக்சல் 8, கேலக்சி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டு உறுதி உண்டு. விலை குறைந்த கேலக்சி ஏ16 5ஜி-க்கும் 6 ஆண்டு அறிவித்திருக்கிறார்கள் என்பதால், மலிவான கைப்பேசிக்கு நீண்ட ஆதரவு தர இயலாது என்று கடைக்காரர் சொன்னால் ஏற்கவேண்டாம். பூட்டைத் திறக்க அனுமதி உண்டா என்பதையும், லீனியேஜ் ஓஎஸ் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.