பரிதாபத்துக்கா பரிசு?

கேள்வி: ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சம்கூட இல்லை. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படங்கள்தான் அங்கே வருகின்றன. 'சின்ன நாடு, பாவம்' என்று விழா நடுவர்கள் பரிசை அள்ளிக் கொடுக்கிறார்கள். உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் ஆகா, ஓகோ என்கிறீர்கள். உண்மைதானே?
– வாசகர் ஒருவர், கரூர்

பதில்: இல்லை. 2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் தாகுர் காரியின் 'ஃபூசி'க்குச் சிறந்த படம், திரைக்கதை, நடிகர் என மூன்று பரிசுகள். மே மாதம் கான் விழாவின் 'உன் செர்தேன் ரெகார்' பிரிவில் கிரீமுர் ஹாகோனார்சனின் 'ராம்ஸ்' முதலிடம் பெற்றது. செப்டம்பரில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் விழாவின் முதல் பரிசான தங்கச் சிப்பியை ரூனார் ரூனார்சனின் 'ஸ்பேரோஸ்' வாங்கியது. மூன்று ஊர், மூன்று நடுவர் குழு. அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டின் மேல் இரக்கம் பொங்கிவிட்டதாக்கும்!

'ராம்ஸ்' பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத அண்ணன், தம்பி. எதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் எழுதி நாயிடம் கொடுத்தனுப்புகிறார்கள். பள்ளத்தாக்கில் ஆடுகளுக்குக் கொள்ளைநோய் வருகிறது. மந்தைகளை மொத்தமாகக் கொல்லச் சொல்கிறது அரசு. இவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. பரிதாபத்துக்குக் கையேந்துகிற படத்துக்கு இந்தத் திமிர் வராது.

இது ஓராண்டு அதிர்ஷ்டமும் அல்ல. உள்ளூர் டிக்கெட் விற்பனையை மட்டும் நம்பி அங்கே படமெடுக்க முடியாது என்று தெரிந்துதான் 1978-லேயே அரசு திரைப்பட நிதியம் தொடங்கியது. தாகுர் காரியும் ரூனாரும் கோபன்ஹேகனிலும், கிரீமுர் பிராகிலும் போய்ப் படித்தவர்கள். மூன்று படங்களிலும் டென்மார்க் கூட்டுத் தயாரிப்பு உண்டு. ஐஸ்லாந்தில் படமெடுத்தால் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் சட்டம் 1999-இல் வந்தது. ஹாலிவுட் கம்பெனிகள் அங்கே பனிப்பாறை தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளூர்த் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் பிழைப்பு நடக்கிறது.

அந்த ஆண்டின் மீது குறை சொல்ல எனக்கும் ஒன்று உண்டு. ஆடு மேய்க்கும் கிழவர்கள், நாற்பதைத் தாண்டியும் அம்மாவோடு வாழும் ஃபூசி, அப்பாவிடம் அனுப்பப்படும் விடலைப் பையன் என்று எல்லாமே தனித்துப்போன ஆண்களின் கதை. இயக்கியவர்களும் ஆண்களே. அந்த ஊர்ப் பெண்கள் எங்கே என்று கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.