பனானா பிரெட்டில் பலாச்சுளை

வணக்கம் அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை பனானா பிரெட் செய்தேன். குறிப்பில் மூன்று வாழைப்பழம் என்றிருந்தது. வீட்டில் பூவன் கருத்துக் கிடந்தது, அதில் மூன்றைப் பிசைந்தேன். நம் ஊர் ருசி வரட்டுமே என்று பண்ருட்டிப் பலாச்சுளை, ஒரு கிண்ணம் அன்னாசி, ஒரு மூடி தேங்காய்த் துருவல், சர்க்கரைக்குப் பதில் வெல்லப்பாகு எல்லாம் சேர்த்தேன். மேலே அருமையான நிறம். வெட்டினால் நடுவில் களி. ஓவன் சரியில்லை, வேறு வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கட்டுமா?

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

வாங்க வேண்டாம். ஓவன் பாவம், அது என்ன செய்யும்? நீங்கள் சேர்த்த தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். அன்னாசியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர். பலாச்சுளையிலும் வாழைப்பழத்திலும் ஏறக்குறைய முக்கால் பங்கு. பச்சைத் தேங்காயிலும் கிட்டத்தட்ட பாதி. அதற்கு மேல் பாகு வேறு. இவ்வளவையும் 200 கிராம் மைதா எப்படித் தாங்கும்? 180 டிகிரியில் மேல்பக்கம் சிவந்துவிடும், நடுவில் மாவு வெந்து கெட்டிப்படாது. பூவன் மூன்றோடு நிறுத்தினீர்களே, அந்த மட்டும் பிழைத்தீர்கள்.

வெளிநாட்டுக் குறிப்பில் வாழைப்பழம் என்றால் நம் கடைகளில் தொங்கும் நீளமான பச்சை வாழைப்பழ வகை. மூன்றை உரித்தால் 350 கிராம் போல வரும். பூவன் சின்னது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடை போடுங்கள். எனக்குப் பூவன்தான் இதற்குப் பிடித்தம், அதன் லேசான புளிப்பு சமையல் சோடாவுக்கு வேலை கொடுக்கும். பச்சைப் பழம் என்றால் இரண்டு ஸ்பூன் புளித்த தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள். சோடா ஒரு டீஸ்பூன் போதும், கூடினால் சோப்பு வாடை வரும். ரஸ்தாளி கிடைத்தால் தயவுசெய்து அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், பலாவா அன்னாசியா, ஏதாவது ஒன்று போதும். கடலூர்க்காரர் என்பதால் பலா என்றே வைத்துக்கொள்வோம். நான்கு சுளையைப் பொடியாக அரிந்து, கொஞ்சம் நெய்யில் போட்டுக் கிளறுங்கள். முதலில் நீர் விடும். அது வற்றி, சுளை நிறம் மாறி, அல்வா மாதிரி வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி ஆறவிடுங்கள். தேங்காய்த் துருவலில் கால் மூடி போதும். வெறும் வாணலியில் பொன்னிறமாக, வாசனை வரும்வரை வறுத்தால் ஈரமும் போகும், ருசியும் ஏறும். பாகு வேண்டாம், நாட்டுச்சர்க்கரையே சரி. ஏலக்காயோடு ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்தால் பலாவுக்கு நன்றாக இருக்கும். மேலே தூவ, பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் உடைந்த முந்திரி.

மாவைக் கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புதுச்சேரி ரொட்டிக்கடைகளில் மாவை அடித்துப் பிசைவார்கள். அது ஈஸ்ட் ரொட்டி, அதற்கு இழுவை வேண்டும். இதற்கு இழுவை வந்தால் ரப்பராகிவிடும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கரண்டியை வைத்துவிடுங்கள். சோடா ஈரத்தில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும், அதனால் ஓவனை முன்பே சூடாக்கி வையுங்கள், கலந்ததும் உள்ளே போகட்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஈர மாவில்லாமல் வர வேண்டும். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்ததுகூடப் பிசுபிசுக்கும், முழுதாக ஆறட்டும். நம் கடற்கரைக் காற்றுக்கு வெளியில் வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், மறுநாளே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நடுப்பகுதி கொஞ்சம் ஈரமாக நின்றால் கொட்டிவிடாதீர்கள். விரல் தடிமனுக்கு வெட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு, சின்னத் தீயில் இரண்டு பக்கமும் முறுகலாக உள்வரை வேகவிடுங்கள். வீட்டுக்காரர் ஓவனை மறந்துவிடுவார்.