துறைமுகத்து நாய்க்குப் பசிக்க வேண்டும்

வணக்கம் ஐயா,

கடலூர் முதுநகர் துறைமுகத்தை வைத்து நான் எழுதிய கதையை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். நாய்களும் காக்கைகளும் பருந்துகளும் சேர்ந்து தேர்தல் நடத்தும் கதை. படித்த நண்பர் ஒருவர், "அரசியலை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவன்தான் விலங்குகளுக்குப் பின்னால் ஒளிவான்" என்கிறார். அது உண்மையா?

வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மை இல்லை. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, 1914இல், பொன் வால் கொண்ட நரியின் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதில் அவர் கேலி செய்தது பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த அன்னி பெசன்டை. அவருக்குப் பயந்து நரியைத் தேட வேண்டிய தேவை பாரதிக்கு இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலில், விலங்குகள் பண்ணைக்காரனை விரட்டிவிடுகின்றன; பிறகு பன்றிகளே எஜமானர்கள் ஆகிவிடுகின்றன. அதை 1944இல் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். சோவியத் அப்போது போரில் பிரிட்டனின் கூட்டாளி. பன்றிகள் ஸ்டாலினும் அவர் கூட்டமும்தான் என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆளும் கூட்டம் பன்றிகளாக இல்லாமலாவது இருக்கலாமே என்றுகூட ஒருவர் எழுதினார். ஒளிய நினைப்பவன் இப்படியா ஒளிவான்?

சரி, அப்புறம் விலங்கு எதற்கு? நம் ஊரில் கதைமாந்தருக்குப் பெயர் வைத்த உடனே வாசகர் என்ன சாதி, எந்தக் கட்சி என்று தேட ஆரம்பித்துவிடுவார். நம்ம ஆள் என்றால் அவன் திருட்டுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும்போது நம் கண்ணில் படுவது திருட்டு மட்டும்தான்.

உங்கள் கதையில் என்னை உறுத்தியது வேறு. பருந்து ஆளப் பிறந்தது, காக்கை ஏமாறப் பிறந்தது என்று முதல் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த சமூகத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதக் கூடாது. இதில் எனக்குக் கோபமே உண்டு. ஆர்வெலின் பன்றிகள் தொடக்கத்திலிருந்தே புத்திசாலிகள்தான், ஆனால் எஜமானர்கள் இல்லை. சுவரில் எழுதிய சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. நமக்குத்தான் சரியாக ஞாபகம் இல்லை போல என்று மற்றவை விட்டுவிடுகின்றன. எஜமானர்கள் உருவாவது அப்படித்தான்.

இன்னொன்று, உங்கள் நாய் மேடைப் பேச்சாளர் மாதிரி பேசுகிறது. கதை முழுக்க அதற்கு ஒரு தடவைகூடப் பசிக்கவில்லை. ஆர்வெலின் கதையில் பாக்ஸர் என்ற குதிரை கல் இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டு விழுகிறது; பன்றிகள் அதைக் குதிரை அறுப்பவனுக்கு விற்றுவிடுகின்றன. ஸ்டாலின் பெயரையே கேள்விப்படாத பிள்ளையும் அந்த இடத்தில் அழும். பாக்ஸர் முதலில் குதிரை, பிறகுதான் தொழிலாளி.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. மீன் கழிவை நம்பியிருக்கும் நாய்களைக் கேட்டு யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. அந்த நாட்களில் அவை எங்கே போகின்றன, எதற்குச் சண்டை போடுகின்றன, எதனிடம் பணிந்து போகின்றன என்று நேரில் பாருங்கள். தேர்தலை எடுத்துவிட்டுக் கதையை அங்கிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.