பிள்ளைகள் குறைந்தும் கூட்டம் ஏன் குறையவில்லை?

"இந்தியாவில் கருவுறுதல் விகிதம் 2-க்கு இறங்கிவிட்டது என்கிறார்கள். பிறகு மக்கள்தொகை ஏன் இன்னும் கூடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அந்த விகிதம்.

கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகள் தாய் சேய் பதிவேடு எழுதியவள் நான். விடை அதிலேயே இருந்தது. 1985-இல் நான் சேர்ந்தபோது ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள். இருவர் பெண்கள் என்று வையுங்கள். அவர்கள் வளர்ந்து ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். (மகன்களின் பிள்ளைகள் மருமகள்களின் கணக்கில் சேரும்.) அன்றும் நான்கு தொட்டில், இன்றும் நான்கு தொட்டில். பாட்டியோ போய்ச்சேரவில்லை, சர்க்கரை மாத்திரைக்கு என்னிடமே வந்து நிற்பாள். கூட்டம் எப்படிக் குறையும்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் விகிதம் 2.0. தமிழ்நாடு 1.8, பீகார் 3.0. தலைமுறைக்குத் தலைமுறை ஈடாக 2.1 போதும். ஆனால் பெரிய குடும்பங்களில் பிறந்த பெண்கள் பிள்ளை பெறும் வயதைத் தாண்டும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பிள்ளைப்பேறு எதனால் குறைந்தது? சுவரில் வரைந்த சிவப்பு முக்கோணத்தால், அதாவது குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னத்தால் என்று நான் நம்பவில்லை. ஆரம்பத்தில் கருத்தடை அறுவைக்கு ஆள், அதாவது ‘கேஸ்’ பிடிக்க இலக்கு உண்டு. 1996-இல் நாடு முழுவதும் அதைக் கைவிட்டார்கள். பெண்கள் அதன் பிறகும் தாமாகவே வந்தார்கள். தட்டம்மையிலோ வயிற்றுப்போக்கிலோ ஒன்றைப் பறிகொடுத்தவள், "இன்னொன்று இருக்கட்டும் நர்ஸம்மா" என்பாள். தடுப்பூசி போட்ட பிள்ளைகள் பிழைத்து நின்றபின் அந்தப் பேச்சு அடங்கியது. பத்தாவது வரை படித்தவளிடம் நான் வாயே திறக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் செலவை அவளே எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவாள்.

எனக்கு உறுத்துவது வேறு. நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை செய்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள், வற்புறுத்தி இழுத்துவரப்பட்டவர்களும் ஏராளம். அந்தக் கசப்பில் ஒதுங்கிய ஆண்கள் திரும்பவே இல்லை. அந்த 2019-21 ஆய்வில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். தழும்பில்லாத ஆண் கருத்தடைக்குத் தையல்கூடக் கிடையாது. எடுத்துச் சொன்னால், "அவருக்கு வேண்டாம், உழைக்கிற உடம்பு" என்று மனைவியே குறுக்கே விழுவாள். அவளும் அப்போதுதான் களையெடுத்துவிட்டு வந்திருப்பாள். காலில் சேறு காய்ந்திருக்காது.